மெக்சிகோவில் ஒருவர் வீட்டுக்கு விருந்தாளியாகப் போகும்போது ஸ்பானிஷில் மரியாதையாக என்னென்ன சொல்ல வேண்டும்?

குவாதலஹாராவுக்கு வேலை மாற்றலாகி வந்திருக்கிறீர்கள். உடன் வேலை பார்ப்பவர் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார், அவருடைய பெற்றோரும் இருப்பார்கள், உங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஹலோ என்கிற 'ஓலா'வும் நன்றி என்கிற 'கிராசியாஸ்' என்பதும்தான் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இதே ஊரில் ஒரு மெக்சிகோ குடும்பத்தின் மாடியில் சில வருடங்களாக வாடகைக்கு இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு பெரும்பாலும் கீழே அவர்களோடுதான். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. இணையத்தில் கிடைக்கும் வாக்கியப் பட்டியல்களை அப்படியே மனப்பாடம் செய்துகொண்டு போகாதீர்கள். இங்கே மரியாதைப் பேச்சு ஜோடி ஜோடியாக நடக்கும். அவர்கள் ஒன்று சொல்வார்கள், அதற்கென்று ஒரு பதில் இருக்கும். நாம் பேச வேண்டியதை மட்டும் படித்துவிட்டுப் போனால், அவர்கள் பேசுவது காதில் விழும்போது என்ன செய்வதென்று தெரியாமல் நிற்போம். அதனால் இரண்டு பக்கத்தையும் சேர்த்தே எழுதுகிறேன்.

உச்சரிப்பு நமக்குச் சுலபம். ஸ்பானிஷின் 'தெ' நம் 'த' போலப் பல்லில் நாக்கு படுவது, ஆங்கிலப் பழக்கத்தில் 'ட' ஆக்கிவிடாதீர்கள். 'நீங்கள்' என்பதற்கான சொல் 'உஸ்தெத்', 'உஸ்டெட்' அல்ல. கிராசியாஸில் வரும் 'கி' கிராமத்தின் 'கி'. புவேனாஸில் வரும் 'பு' புத்தியின் 'பு'. நம்முடைய 'ஞ' அப்படியே அங்கேயும் இருக்கிறது.

மூன்று மணிக்கு வரச் சொன்னால் மூன்றே காலுக்குப் போங்கள். இங்கே பெரிய சாப்பாடு மதியம் இரண்டிலிருந்து நான்குக்குள்தான், வீட்டு விருந்துக்குக் கொஞ்சம் தாமதமாகப் போவதை யாரும் தப்பாக நினைப்பதில்லை. சொன்ன நேரத்துக்கு முன்னால் போய் நின்றால்தான் அவர்களுக்குச் சங்கடம்.

கதவு திறந்ததும் "புவேனாஸ் தார்தெஸ்", மதிய வணக்கம். உள்ளே காலெடுத்து வைக்கும்போது "கொன் பெர்மீசோ", உங்கள் அனுமதியோடு என்று பொருள். இதைச் சொல்லாமல் நுழையாதீர்கள். அவர்கள் "பாசே, பாசே" என்பார்கள், அதாவது வாங்க வாங்க. வயதானவர்கள் "ப்ரோப்பியோ" என்றும் சொல்வார்கள், அதுவும் அதே அனுமதிதான். கை தன்னால் செருப்பைக் கழற்றப் போகும். இங்கே பொதுவாகக் கழற்றுவதில்லை, அவர்கள் கழற்றியிருந்தால் மட்டும் நீங்களும் கழற்றுங்கள்.

அப்புறம், வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை பேருக்கும் தனித்தனியாக வணக்கம் சொல்ல வேண்டும். கூட்டமாக எல்லாரையும் பார்த்துக் கையசைத்துவிட்டு உட்கார்ந்தால் அது மரியாதைக் குறைவு. ஆண்களுக்குக் கைகுலுக்கல். பெண்களோடு கன்னத்தோடு கன்னம் ஒருமுறை வைப்பது வழக்கம். உங்களுக்குக் கூச்சமாக இருந்தால் முதலில் கையை நீட்டிவிடுங்கள், புரிந்துகொள்வார்கள். "முச்சோ குஸ்தோ", சந்தித்ததில் மகிழ்ச்சி. அவர்கள் முந்திக்கொண்டு சொன்னால் "இகுவால்மெந்தே", எனக்கும் அப்படியே. "என்காந்தாதோ" என்றும் சொல்லலாம், பெண்கள் சொல்வதானால் "என்காந்தாதா".

நண்பரின் அப்பா அம்மாவிடம் 'உஸ்தெத்' போட்டே பேசுங்கள். நம் 'நீங்கள்' போல. நண்பரை 'தூ' என்று நீ போட்டுப் பேசலாம், பெரியவர்களை அவர்களாக "ஆப்லாமே தே தூ", என்னை நீ என்றே கூப்பிடு, என்று சொல்லும்வரை வேண்டாம். கூப்பிடும்போது பெயருக்கு முன்னால் ஆணுக்கு 'தோன்', பெண்ணுக்கு 'தோஞா' சேர்த்தால் அன்பும் மரியாதையும் சேர்ந்து வரும், பெயர் தெரியாவிட்டால் 'செஞோர்', 'செஞோரா'. இது மெக்சிகோ கணக்கு. ஸ்பெயினில் சீக்கிரமே 'தூ'வுக்கு வந்துவிடுவார்கள், முத்தமும் இரண்டு கன்னத்திலும். கொலம்பியாவின் பொகோட்டாவில் நெருங்கிய நண்பர்களே 'உஸ்தெத்' போட்டுக்கொள்வதைக் கேட்கலாம். ஒரு நாட்டில் படித்ததை இன்னொரு நாட்டில் அப்படியே பேசினால் சரியாக வராது, அதனால் போகும் வீட்டுக்காரர்கள் எந்த நாடு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வெறுங்கையோடு போகாதீர்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பேக்கரியில் 'பான் துல்சே' என்ற இனிப்பு ரொட்டிகள் ஒரு பெட்டி, இல்லை ஒரு கேக், இல்லை பூ. செம்பசூச்சில் என்கிற ஆரஞ்சு நிறச் செண்டுமல்லி மட்டும் வேண்டாம், அது இறந்தவர்களை நினைக்கும் நவம்பர் நாட்களுக்கு உரியது. கொடுக்கும்போது "எஸ் உன் தெத்தயீத்தோ", ஏதோ சின்னதாக. அவர்கள் "நோ சே உபியேரா மொலெஸ்தாதோ" என்பார்கள், இதெல்லாம் எதற்கு சிரமம் என்கிற பேச்சு. மறுக்கிறார்கள் என்று நினைத்துத் திரும்ப வாங்கிவிடாதீர்கள். சிரித்துக்கொண்டே "நோ எஸ் நாதா", ஒன்றுமில்லை, என்று சொன்னால் போதும்.

"எஸ்தா என் சு காசா", இது உங்கள் வீடு, என்று உட்காருவதற்குள் கேட்டுவிடுவீர்கள். பதில்: "முச்சாஸ் கிராசியாஸ், முய் அமாப்லே", ரொம்ப நன்றி, ரொம்ப அன்பானவர் நீங்கள். மனதார உபசரிக்கும் சொல் அது. அதற்காக ஃப்ரிட்ஜைத் திறந்துவிடக் கூடாது. தண்ணீரும் கழிவறையும் கேட்டுத்தான். "மே ரெகாலா உன் பாசோ தே அகுவா?" ஒரு டம்ளர் தண்ணீர் கிடைக்குமா? "மே பெர்மீத்தே பசார் அல் பாஞோ?" பாத்ரூம் போய் வரலாமா?

இனி சாப்பாட்டு மேசை. உண்மையான மரியாதை இங்கேதான் தெரியும். எங்கள் கீழ்வீட்டு அம்மா போசோலே வைக்கும் நாளில், ஆளுக்கொரு ஆழமான கிண்ணத்தில் சிவந்த குழம்பு, அதில் பெரிய வெள்ளைச் சோளமும் பன்றிக் கறியும். நடுவில் நறுக்கிய லெட்டூஸ், முள்ளங்கி, வெங்காயம், காய்ந்த ஓரிகானோ, எலுமிச்சை, தோஸ்தாதா என்கிற மொறுமொறு சோள ரொட்டி. அவர் உட்காராமல் அடுப்புக்கும் மேசைக்குமாக நடந்துகொண்டே "எம்பியேசென், கே சே என்ஃப்ரீயா" என்பார், ஆறிடும், ஆரம்பிங்க. உடனே ஒவ்வொருவரும் "ப்ரொபேச்சோ" என்று சொல்லிக்கொண்டு ஸ்பூனை எடுப்பார்கள். நன்றாகச் சாப்பிடுங்கள், உடம்பில் ஒட்டட்டும் என்கிற வாழ்த்து அது. பதில் "கிராசியாஸ், இகுவால்மெந்தே". பாதியில் எழுந்தால் "கொன் பெர்மீசோ", முடித்து எழும்போது மறுபடி "ப்ரொபேச்சோ". ஓட்டலில் முன்பின் தெரியாதவர் மேசையைத் தாண்டிப் போகும்போதுகூட மெக்சிகோக்காரர்கள் இதைச் சொல்லிவிட்டுப் போவார்கள். ஒரே ஒரு சொல்தான் கற்றுக்கொள்ள நேரம் இருக்கிறது என்றால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

சமைத்தவரைப் பார்த்து "லே கெதோ முய் ரிக்கோ", உங்கள் கைக்கு ரொம்ப நன்றாக வந்திருக்கிறது, என்று சொல்லுங்கள். சாப்பாடு ருசி என்று பொதுவாகச் சொல்வதைவிட இது அவரைப் போய்ச் சேரும். இன்னும் வேண்டுமா என்று கேட்டால், வேண்டுமென்றால் "சீ, போர் ஃபவோர்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். வெறும் "கிராசியாஸ்" என்றால் வேண்டாம் என்று எடுத்துக்கொள்வார்கள். போதும் என்பதற்கு "கிராசியாஸ், அசீ எஸ்தோய் பியென்". ஒருமுறை சொன்னால் விடமாட்டார்கள், இரண்டாவது முறை "யா நோ மே காபே மாஸ்", இனி வயிற்றில் இடமில்லை, என்று வயிற்றில் கை வைத்துச் சொல்லுங்கள்.

நீங்கள் சைவம் என்றால் அன்றைக்கு மேசையில் உட்கார்ந்து சொல்ல வேண்டாம், அழைப்பை ஏற்கும்போதே சொல்லிவிடுங்கள். "சோய் வெஹெத்தாரியானோ" (பெண்கள் '-யானா') என்று மட்டும் சொன்னால் கோழி வந்தாலும் வரும். "நோ கோமோ கார்னே, நி போயோ, நி பெஸ்காதோ", மாமிசம், கோழி, மீன் எதுவும் இல்லை, என்று விரித்துச் சொல்லுங்கள். அரிசியைக் கோழிச் சாற்றில் வேகவைப்பதும், பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் வதக்குவதும் பல வீடுகளில் சாதாரணம். முன்கூட்டியே சொன்னால் தனியாகச் செய்து வைப்பார்கள், அதில் அவர்களுக்கு வருத்தமே கிடையாது.

பேசுவது புரியாவிட்டால் "கே?" என்று கேட்காதீர்கள், முரட்டுத்தனமாக இருக்கும். இங்கே வீடுகளில் "மாந்தே?" என்பார்கள், நேர்ப்பொருள் கட்டளையிடுங்கள் என்பது. அது அடிமைத்தனமாக ஒலிக்கிறது என்று பிடிக்காத மெக்சிகோக்காரர்களும் உண்டு, அதனால் நீங்கள் "பெர்தோன்?", மன்னிக்கவும், என்று கேளுங்கள், எங்கேயும் செல்லும்.

சாப்பிட்ட கையோடு கிளம்பாதீர்கள். தட்டை எடுக்கும்போது "லே அயூதோ என் அல்கோ?", ஏதாவது உதவட்டுமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றுதான் சொல்வார்கள், இருந்தாலும் கேட்க வேண்டும். பிறகு காபியோடு மேசையிலேயே மணிக்கணக்கில் பேச்சு நடக்கும், அதற்கு 'சோப்ரெமேசா' என்றே பெயர். உங்கள் ஊர், வீடு, அம்மா அப்பா எல்லாம் விசாரிப்பார்கள். மொழி தெரியாவிட்டாலும் போனில் குடும்பப் படங்களைக் காட்டிப் பேசுங்கள், அதைவிட அவர்களுக்குப் பிடித்தது வேறில்லை.

கிளம்பும்போது சட்டென்று எழுந்துவிடாமல் "புவேனோ, யா மே ரெத்தீரோ", சரி, நான் கிளம்புகிறேன், என்று ஆரம்பியுங்கள். அதன்பின் இன்னும் ஒரு கால்மணி நேரமாவது போகும். டப்பாவில் சாப்பாடு கட்டித் தருவார்கள், அதற்கு 'இத்தகாத்தே' என்று பெயர், மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். வந்தபோது சொன்னது போலவே ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக விடைபெற்று, பெரியவர்களிடம் "முச்சாஸ் கிராசியாஸ் போர் சுஸ் அத்தென்சியோனெஸ்" சொல்லுங்கள், நன்றாகக் கவனித்துக்கொண்டதற்கு நன்றி. அவர்கள் "கே லே பாயா பியென்", நல்லபடியாகப் போய் வாருங்கள், என்பார்கள். கூடவே "மே அபீசா குவாந்தோ யேகே" என்று சேர்ப்பார்கள், போய்ச் சேர்ந்ததும் சொல்லுங்கள். அது சும்மா சொல்வதில்லை, காத்திருப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் வாட்ஸ்அப்பில் "யா யெகே, கிராசியாஸ் போர் தோதோ" என்று ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்: வந்து சேர்ந்துவிட்டேன், எல்லாவற்றுக்கும் நன்றி.