பழைய சைக்கிளை ஓவராயில் (முழுதாகப் பிரித்துச் சரிபார்ப்பது) செய்யலாமா? கேள்வி பதில்

கேள்வி: அப்பா ஓட்டிய சைக்கிள் பல வருடமாகச் சும்மா நிற்கிறது, உடம்பெல்லாம் துரு. குழந்தைகளோடு மெதுவாகச் சுற்றிவர அதைத் தேற்ற முடியுமா?

பதில்: துருவைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். ஹாண்டில்பாருக்குக் கீழே குழாய்கள் சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே பெயிண்ட் கோடாக வெடித்தோ குழாய் புடைத்தோ இருந்தால், எங்கோ பலமாக முட்டிய வண்டி அது, விட்டுவிடுங்கள். பிரேமும் ஃபோர்க்கும் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை) நேராக இருந்தால் மற்ற எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளலாம். பெயிண்ட் கடைசி வேலை. பலரும் அதில்தான் ஆரம்பிக்கிறார்கள். வண்டி பளபளக்கும், பிரேக் பிடிக்காது.

கேள்வி: சக்கரம் சுற்றும்போது கரகரவென்று சத்தம். எண்ணெய் விட்டால் போதுமா?

பதில்: போதாது. உள்ளே கிரீஸ் காய்ந்து மெழுகாகியிருக்கும். மேலே விடும் எண்ணெய் அழுக்கைத்தான் உள்ளே கொண்டுபோகும். ஹப்பை, அதாவது சக்கரத்தின் நடுக்குடத்தைப் பிரித்து மண்ணெண்ணெயில் கழுவிவிட்டு, புது பேரிங் குண்டுகள் போடுங்கள். பெரும்பாலும் பின்சக்கரத்துக்கு 1/4 அங்குலம், முன்சக்கரத்துக்கு 3/16. பழையதை அளந்துவிட்டே வாங்குங்கள். கோனில் (அச்சில் மாட்டும், குண்டுகள் உருளும் கூம்பு நட்டு) குழி விழுந்திருந்தால் அதற்கும் விடைகொடுக்க வேண்டியதுதான்.

கோனை இறுக்குவதற்குத்தான் பொறுமை வேண்டும். அச்சை விரலால் திருப்பினால் கரகரப்பு கூடாது, பக்கவாட்டில் ஆட்டினால் ஆட்டமும் கூடாது. சரியாக அமைந்த முன்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்தால், வால்வின் எடைக்கே மெல்லத் திரும்பி, முன்னும் பின்னும் ஆடி, வால்வு கீழே வந்து நிற்கும். பின்சக்கரத்தில் செயின் ஓடும் பல்சக்கரமான ஃப்ரீவீலுக்கு மட்டும் கிரீஸ் வேண்டாம், மெல்லிய எண்ணெய் போதும். கிரீஸ் போட்டால் உள்ளே ஸ்பிரிங்கில் நிற்கும் சிறு நாக்குகள் ஒட்டிக்கொண்டு, மிதிக்கிற பெடல் வெறுமனே சுற்றும்.

கேள்வி: இடது பெடல் கழலவே மாட்டேன் என்கிறது.

பதில்: இறுக்கிக்கொண்டிருக்கிறீர்கள்! இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம். ஸ்பானரை மேல்நோக்கி மாட்டி, பின்சக்கரம் இருக்கும் பக்கமாகத் தள்ளுங்கள். இரண்டு பெடலுக்கும் அதுவே கழற்றும் திசை.

கேள்வி: செயினை மாற்ற வேண்டுமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: அளந்து பாருங்கள். புதுச் செயினில் 24 கண்ணி சரியாக 12 அங்குலம். 1/16 அங்குலம் நீண்டிருந்தால் செயினை மட்டும் மாற்றலாம். 1/8 நீண்டிருந்தால் ஃப்ரீவீலும் தேய்ந்திருக்கும். அதையும் சேர்த்தே மாற்றுங்கள், இல்லாவிட்டால் புதுச் செயின் பழைய பற்களில் தாவும்.

கேள்வி: 26 அங்குல டயர் வாங்கினேன், ரிம்மில் ஏறவில்லை.

பதில்: 26 என்ற பெயரில் பல அளவுகள் உண்டு. 26 x 1 3/8 டயரின் உள்விட்டம் 590 மில்லிமீட்டர், 26 x 1.75 டயருக்கோ 559. பழைய டயரின் ஓரத்தில் 37-590 என்பதுபோல ஓர் எண் இருக்கும். இரண்டாவது எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: மழையில் பிரேக் வழுக்குகிறது. கட்டை புதுசுதான்.

பதில்: ரிம் இரும்பா? குரோம் பூசிய இரும்பு ரிம்மும் ரப்பரும் ஈரத்தில் ஒத்துப்போகாது. உங்கள் பிரேக்குக்குப் பொருந்துமானால் அலுமினிய ரிம்முக்கு மாறுங்கள். கையில் பணம் கொஞ்சம்தான் என்றால் அதை இதில் போடுங்கள் என்பேன்.

கேள்வி: மேடு வந்தால் மூச்சு வாங்குகிறது. கியர் இல்லாத வண்டி.

பதில்: முன்னால் 44 பல், பின்னால் 18 பல் இருந்தால், பெடலின் ஒரு முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய 5 மீட்டர் போகும். பின்னால் 22 பல் ஃப்ரீவீல் போட்டால் சுமார் 4 மீட்டர். வேகம் குறையும், கால் வலிக்காது. குழந்தைகளோடு போகிறவருக்கு வேகம் எதற்கு? செயின் மட்டும் கொஞ்சம் நீளமாக வேண்டியிருக்கும்.

கேள்வி: மூன்று வயதுப் பெண்ணைக் கேரியரில் உட்காரவைக்கலாமா?

பதில்: வெறும் கேரியரில் வேண்டாம். கால் சக்கரத்துக்குள் போய்விடும். பெல்ட்டும் பாதத்துக்கு மறைப்பும் உள்ள குழந்தை சீட் வாங்குங்கள். கேரியரில் எத்தனை கிலோ தாங்கும் என்று பொறித்திருக்கும். சீட்டின் எடையையும் கூட்டிக்கொள்ளுங்கள். பொறிப்பே இல்லாத பழைய கேரியரை நம்ப வேண்டாம், மாற்றிவிடுங்கள். ஒற்றைக் கால் ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு அவளை ஏற்றாதீர்கள். இரட்டைக் கால் ஸ்டாண்டாக இருந்தாலும் ஒரு கை வண்டியில் இருக்கட்டும். அப்புறம், அதே எடைக்கு ஒரு மணல் மூட்டையைக் கட்டி, முதலில் நீங்கள் தனியாக ஓட்டிப் பாருங்கள். திருப்பத்தில் வண்டி எப்படிச் சாய்கிறது என்று அப்போது தெரிந்துவிடும்.