ரத்தத்தில் தாக்குப்பிடிக்கும் சென்சார்: மகளை எந்தப் படிப்பில் சேர்ப்பது?

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ரத்தத்தில் பொட்டாசியம், கால்சியம் அளக்கிற சென்சார் செய்ய வேண்டும் என்று மகள் சொல்கிறாள். எலக்ட்ரானிக்ஸா, பயோமெடிக்கலா, வேதியியலா என்று நீங்கள் தவிக்கிறீர்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேதியியலில் காலூன்றட்டும். காரணத்தையும் கேளுங்கள், அப்போதுதான் நிம்மதியாக முடிவெடுக்க முடியும்.

சென்சார் என்றதும் சர்க்யூட்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் பொட்டாசியம் அளக்கும் மின்முனையின் (எலக்ட்ரோடின்) நுனியில் இருப்பது ஒரு மெல்லிய பிவிசி சவ்வு. அதற்குள் வாலினோமைசின் என்ற வளைய வடிவ மூலக்கூறு கரைந்திருக்கும். அந்த வளையத்துக்குள் பொட்டாசியம் அயனி கச்சிதமாக உட்காரும், சோடியம் சரியாகப் பொருந்தாது. ரத்தத்தில் பொட்டாசியம் கூடினாலும் குறைந்தாலும் சவ்வில் மின்னழுத்தம் மாறும், அதை அளக்கிறோம். 1960களில் கண்ட வழி இது. ஆய்வகங்களில் இன்றும் நன்றாகவே வேலை செய்கிறது.

சிக்கலைக் கொண்டு வருவது ரத்தம்தான். ஒரு லிட்டர் பிளாஸ்மாவில், அதாவது அணுக்கள் நீங்கலான ரத்தத் திரவத்தில், 60 முதல் 80 கிராம் வரை புரதம் இருக்கிறது. சென்சார் பட்ட சில வினாடிகளில் அந்தப் புரதங்கள் மேலே ஒட்டத் தொடங்கிவிடும். பிறகு தட்டணுக்கள் வரும், அப்புறம் ரத்தம் உறையும். கப்பலின் அடியில் பாசியும் சிப்பியும் ஏறுகிற மாதிரிதான்.

அந்தப் படிவால் என்ன கெட்டுவிடும் என்பதை மகளோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆரோக்கியமானவரின் ரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு சுமார் 3.5 முதல் 5 மில்லிமோல். உடல் வெப்பநிலையில் பொட்டாசியம் பத்து மடங்கு மாறினால்தான் மின்முனை சுமார் 61 மில்லிவோல்ட் நகரும். அப்படியென்றால் 3.5க்கும் 5க்கும் இடையே இருப்பது 10 மில்லிவோல்ட்கூட இல்லை. படிவால் ஒரே ஒரு மில்லிவோல்ட் தள்ளிப்போனால் அளவு ஏறக்குறைய 4 சதவீதம் தப்பும். கால்சியத்துக்கு இரண்டு மின்னூட்டம் என்பதால் சமிக்ஞை பாதிதான், பிழை ஏறக்குறைய 8 சதவீதம். பொட்டாசியம் எல்லை மீறினால் இதயத் துடிப்பே குலைந்துவிடும். இவ்வளவு சின்ன இடைவெளியை நம்பித்தான் மருத்துவர் முடிவெடுக்கிறார். இந்தக் கணக்கைச் சொல்லும்போது அவள் முகத்தைக் கவனியுங்கள். தானே பேப்பரை இழுத்துப் போட்டுச் சரிபார்க்கிறாள் என்றால் அது நல்ல அறிகுறி.

1950களில் லேலண்ட் கிளார்க் என்ற அமெரிக்க விஞ்ஞானி ரத்தத்தில் ஆக்சிஜனை அளக்க முயன்றபோதும் பிளாட்டினம் மின்முனையைப் புரதங்கள் கெடுத்தன. வாயு மட்டும் புகுந்து செல்லும் மெல்லிய பிளாஸ்டிக் தாளால் அதை மூடி அவர் தீர்வு கண்டார். அந்தத் தாளில் அயனிகள் புகாது என்பதால் நமக்கு அந்த வழி இல்லை. அதனால் இன்று நேர், எதிர் மின்னூட்டம் இரண்டையும் தாங்கிய பாலிமர்களைப் பூசிப் பார்க்கிறார்கள். அவை நீரை இறுகப் பிடித்துக்கொள்வதால் புரதத்துக்கு ஒட்ட இடம் கிடைப்பதில்லை. ரத்தக்குழாயின் உட்சுவர் செய்வது போல நைட்ரிக் ஆக்சைடைக் கசியவிட்டுத் தட்டணுக்களைத் தள்ளிவைக்கும் பூச்சும் உண்டு. ஆனால் பூச்சு தடித்தால் அயனி உள்ளே போகத் தாமதமாகும், மெலிந்தால் சீக்கிரம் தேய்ந்துவிடும். இந்த இழுபறிதான் வடிவமைப்பின் உயிர்.

அதனால்தான் வேதியியல் என்கிறேன். மில்லிவோல்ட்டைப் படிக்கிற சர்க்யூட்டுக்கும் திறமை வேண்டும், அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதைச் செய்யத் தெரிந்தவர்கள் குழுவில் கிடைப்பார்கள். தீராமல் நிற்பது புரதம் ஒட்டும் அந்த மேற்பரப்புச் சிக்கல். வேதிப் பொறியியலோ பொருள் அறிவியலோ கிடைத்தாலும் சரிதான். பயோமெடிக்கலில் இடம் கிடைத்தால் மின்வேதியியலும் பாலிமரும் பாடத்திட்டத்தில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள். உடலியங்கியலையும் விட்டுவிட வேண்டாம். ரத்தம் எடுக்கும்போது சிவப்பணு உடைந்தால் அதனுள்ளே இருக்கும் ஏராளமான பொட்டாசியம் வெளியே கொட்டும். அப்போது குறையில்லாத சென்சாரும் தவறான எண்ணைக் காட்டும்.

வேலையைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். இளநிலைப் பட்டத்தோடு இந்தத் துறையில் வடிவமைப்பாளராக நுழைவது கடினம். முதுநிலையாவது வேண்டும், ஆய்வை முன்னின்று நடத்த முனைவர் பட்டம் வேண்டும். பள்ளி முடித்து எட்டு, பத்து வருடம் ஆகும். அதற்கு வீட்டில் தெம்பு இருக்கிறதா என்று இப்போதே பேசிக்கொள்ளுங்கள். நடுவில் பாதை மாறினாலும் கற்றது வீணாகாது. ரத்தப் பரிசோதனைக் கருவிகள், டயாலிசிஸ் சவ்வுகள், உடலுக்குள் பொருத்தும் சாதனங்கள், நீர்த்தர அளவீடு என எல்லா இடத்திலும் இதே படிவுப் பிரச்சினைதான். சர்க்கரைக்குத் தோலுக்கடியில் 10, 14 நாள் இருக்கும் சென்சார்கள் வந்துவிட்டன. பொட்டாசியம் இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை. உங்கள் மகளுக்கு வேலை மிச்சம் இருக்கிறது.

சேர்வதற்கு முன் ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கட்டும். ஆசிரியரின் அனுமதியோடு, அமிலத்தன்மையை அளக்கும் ஆய்வகத்து பிஎச் மின்முனையைத் தாங்கல் கரைசலில் (பிஎச் எளிதில் மாறாத கரைசலில்) வைத்து எண்ணையும், அது நிலைக்க எத்தனை வினாடி ஆனது என்பதையும் குறிக்கட்டும். பிறகு முட்டை வெள்ளைக்கருவில் அரை மணி நேரம் வைத்து, நீரால் அலசி, அதே கரைசலில் மறுபடி அளக்கட்டும். எண் நிலைக்க நேரமாகலாம், சற்றுத் தள்ளியும் நிற்கலாம். முடிந்ததும் புரதத்தைச் சிதைக்கும் பெப்சின் கலந்த அமிலக் கரைசலால் சுத்தம் செய்து, பழைய எண் திரும்புகிறதா என்று பார்க்கட்டும். இதை நாலைந்து தடவை சலிக்காமல் செய்து, தன் நோட்டில் எழுதி உங்களிடம் காட்டினாள் என்றால் தைரியமாகச் சேர்த்துவிடுங்கள்.

பிற்பாடு ஆய்வு வழிகாட்டியைத் தேடும்போது அவள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "உங்கள் சென்சாரைத் தாங்கல் கரைசலில் சோதித்தீர்களா, முழு ரத்தத்திலா? எத்தனை மணி நேரம்?" உப்புக் கரைசலில் அழகாக வேலை செய்யும் சென்சார்கள் நிறைய உண்டு. ரத்தத்தில் பத்தாவது மணி நேரத்தில் கோடு எங்கே சரிந்தது என்று வரைபடத்தை எடுத்துக் காட்டுகிறவரிடம் அவள் சேரட்டும்.