கேட் ஓரமா இருந்தாலும் சிமெட்ரி வரும்

சென்னைல 12க்கு 15 அடி முன்வாசல், கேட் இடது ஓரத்துல இருக்கு, ஃபார்மல் கார்டன் (நடுக்கோட்டுக்கு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிற தோட்டம்) செட் ஆகுமா, வேலிச்செடியா வெட்டி வளர்க்குற பாக்ஸ்வுட் வாங்கலாமான்னு கேட்டிருக்கீங்க. செட் ஆகும்ங்க, ஆனா கேட்டை மறந்துடுங்க, ஹால் ஜன்னலுக்கு நேரா ஒரு கோடு போடுங்க, அதுதான் உங்க நடுக்கோடு, ஏன்னா தினமும் நீங்க உக்காந்து பார்க்கப்போறது அங்கருந்துதான். கயிறு கட்டி சுண்ணாம்பு தூவி மார்க் பண்ணுங்க, மூலைமட்டத்துக்கு கொத்தனார் பார்க்குற 3-4-5 கணக்கு போதும், அதாவது மூலைலருந்து ஒரு பக்கம் 3 அடி, இன்னொரு பக்கம் 4 அடி அளந்தா, குறுக்க 5 அடி வரணும். சின்ன இடத்துல கொஞ்சம் கோணினாலும் கண்ணை உறுத்தும்.

டிசைன்னா முகலாயர் சார்பாக் மாதிரி நாலு கட்டம், குறுக்க ரெண்டு பாதை, நடுவுல ஒரு கல்தொட்டி, அவ்ளோதான். சிலை, ஃபவுண்டன், வளைவுன்னு எல்லாத்தையும் திணிச்சா கல்யாண மண்டபம் ஆகிடும்.

பாக்ஸ்வுட் நம்ம வெயிலுக்கு வேணாம், காசு வேஸ்ட். வேலிக்கு மினி இட்லிப்பூ வைங்க, மெதுவா வளரும், பூவும் வரும். துராண்டா சீக்கிரம் அடர்ந்துடும் ஆனா அடிக்கடி வெட்டணும். எதுவா இருந்தாலும் அடி அகலமா மேல குறுகலா வெட்டுங்க, இல்லன்னா கீழ வெயில் படாம மொட்டையாகிடும். சம்ப் பக்கத்துல ஃபைகஸ் (ஆல், அரச மர இனம்) வேண்டவே வேண்டாம், வேர் உள்ள போயிடும்.

ஒரு பக்கம் மட்டும் காம்பவுண்ட் சுவர் நிழல் விழுதுன்னா அந்தப் பக்க செடி பின்தங்கும், அதனால ஜோடி செடிங்களை தரைல நடாம தொட்டில வச்சு, ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா இடம் மாத்திக்கோங்க.