ஆய்வக மரபியல் ஃபெலோஷிப்: கேட்டவர்களுக்குப் பதில்

நோயாளிகளின் மரபணுப் பரிசோதனைகளைப் பார்த்து ரிப்போர்ட் எழுதக் கற்றுத்தரும் பயிற்சி இது. அமெரிக்காவில் இந்தப் பயிற்சிக்குப் போக நினைப்பவர்கள் கேட்டவை, என் பதில்களோடு.

மேடம், சென்னையில் பிஎச்.டி. முடிக்கப் போகிறேன். டாக்டர் படிப்பு இல்லாமல் சேர முடியுமா?

தாராளமாக. எம்.டி. அல்லது பிஎச்.டி., இரண்டில் ஒன்று போதும். ஆனால் பிஎச்.டி. மரபியலிலோ அதை ஒட்டிய துறையிலோ இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பட்டம் என்பதால் அமெரிக்க மருத்துவ மரபியல் வாரியம் உங்கள் சான்றிதழ்களைப் பரிசீலித்து ஏற்க வேண்டும். அந்த வேலையை இப்போதே தொடங்கிவிடுங்கள்.

இதுவும் பிஎச்.டி.க்குப் பிறகு செய்யும் ஆராய்ச்சி மாதிரி ஒரு போஸ்ட்டாக் தானே?

இல்லை. போஸ்ட்டாக்கில் உங்கள் கேள்விக்கு நீங்கள் விடை தேடுகிறீர்கள். இங்கே ஒரு நோயாளியின் ரத்தம் காத்திருக்கிறது. இரண்டு வருடம் கேரியோடைப், ஃபிஷ், மைக்ரோஅரே, சீக்வென்சிங் என்ற குரோமோசோம், டி.என்.ஏ. பரிசோதனைகள் எல்லாவற்றையும் பார்த்து ரிப்போர்ட் எழுதிப் பழக வேண்டும். அப்புறம் போர்டு தேர்வு. அதில் தேறினால்தான் பிஎச்.டி. படித்தவர் இத்தகைய ஆய்வகத்துக்கு இயக்குநராக வர வழி திறக்கும்.

அக்கா, மரபணுவில் தெரியும் ஒரு மாறுபாடு நோய் தருமா தராதா என்று எப்படித்தான் முடிவெடுக்கிறீர்கள்?

பயிற்சியின் உயிரே இதுதான். ஏ.சி.எம்.ஜி., ஏ.எம்.பி. என்ற இரண்டு தொழில்முறை அமைப்புகள் 2015-இல் தந்த வழிகாட்டுதல்படி ஒவ்வொரு மாறுபாட்டையும், நோய் தரும் என்பது முதல் தராது என்பது வரை ஐந்து வகைகளில் ஒன்றில் சேர்க்கிறோம். நடுவில் இருப்பது வி.யு.எஸ்., அதாவது இன்னும் தெளிவாகாதது. புதிதாக வருபவர்களுக்கு அதை எழுதத் தயக்கம். ஏதாவது ஒரு பக்கம் தள்ளிவிடப் பார்ப்பார்கள். மார்பகப் புற்றுநோயோடு தொடர்புள்ள பி.ஆர்.சி.ஏ.1 மரபணுவில் வந்த வி.யு.எஸ்.-ஐ நம்பி ஒரு பெண் மார்பகத்தை எடுத்துவிடக் கூடாது. அதனால் தெரியாததைத் தெரியாது என்றே எழுதப் பழகுங்கள்.

இன்னொன்று நம் ஊரோடு தொடர்புடையது. எம்.ஒய்.பி.பி.சி.3 இதயத் தசை மரபணு. அதில் 25 பேஸ்கள், அதாவது டி.என்.ஏ. எழுத்துகள், விடுபட்ட ஒரு மாறுபாடு உண்டு. ஐரோப்பியர்களின் தரவை மட்டும் பார்த்தால் அது அபூர்வமாகத் தெரியும், உடனே நோய்க்காரணி என்று எழுதத் தோன்றும். ஆனால் மதுரை ஆய்வாளர்களும் சேர்ந்து 2009-இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியர்களில் சுமார் நூற்றுக்கு நான்கு பேரிடம் அது இருப்பதைக் காட்டியது. தனியாகவே கடும் நோய் தரும் ஒன்று இத்தனை பேரிடம் இருக்காது. அதே ஆய்வு இதயச் செயலிழப்பு அபாயம் கூடுவதையும் சொன்னதால், ஒன்றுமில்லை என்று ஒதுக்கவும் முடியாது. ரிப்போர்ட்டில் இரண்டையும் எழுத வேண்டும். நோயாளி எந்த மக்களைச் சேர்ந்தவர் என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கோடிங் தெரிய வேண்டுமா?

கொஞ்சம் தெரிந்தால் நல்லது, கட்டாயமில்லை. சீக்வென்சிங் கோப்பைத் திறந்து, அந்த இடத்தில் உண்மையிலேயே மாற்றம் இருக்கிறதா என்று கண்ணால் பார்க்கத் தெரிந்தால் சரி.

நேர்காணலில் எதைக் கேட்பார்கள்?

ஆராய்ச்சியை விட்டு ஏன் இந்தப் பக்கம் வருகிறீர்கள் என்பதை நிச்சயம் கேட்பார்கள். அதற்கு முன் ஏதாவது ஒரு மருத்துவ மரபணு ஆய்வகத்தில் சில நாள் அனுமதி வாங்கி நின்று பாருங்கள். ரிப்போர்ட் எப்படி உருவாகிறது என்று பார்த்திருந்தால் பதில் தானாக வரும்.