தேடி வந்தவருக்குக் கிடைத்ததா? கல்லூரி நூலகக் கேள்வி பதில்

அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் 31 ஆண்டுகள் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

நூலகர், நாமக்கல்: ஐயா, எங்கள் நூலகத்துக்கு நாள்தோறும் 300 பேர் வருகிறார்கள். மதிப்பீட்டுக்கு இந்தக் கணக்குப் போதாதா?

போதாது. வருகைப் பதிவேடு எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்று மட்டுமே சொல்லும். பருவத்துக்கு இரண்டு வாரம், வெளியே போகிறவர்களிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: என்ன தேடி வந்தீர்கள், கிடைத்ததா? கிடைக்கவில்லை என்றால் காரணத்தைப் பிரித்து எழுதுங்கள். நூல் நம்மிடம் இல்லையென்றால் வாங்க வேண்டும். இரவலில் இருந்தால் கூடுதல் படிகள் வேண்டும், அல்லது இரவல் நாட்களைக் குறைக்க வேண்டும். அடுக்கு மாறிக் கிடந்தால் அடுக்கைச் சீர்செய்ய வேண்டும். தேடத் தெரியாமல் போயிருந்தால் கற்றுக்கொடுக்க வேண்டும். முதல்முறை இப்படி எழுதிப் பார்த்தபோது, புதிய நூல்களுக்குப் பணம் கேட்கத் தயாராக இருந்தோம். காணவில்லை என்றவற்றில் பெரும்பாலானவை அடுக்கு மாறி எங்களிடமே கிடந்தன.

உதவி நூலகர், விருதுநகர்: நூலகப் பணிகளுக்கு எந்த மென்பொருள் நல்லது?

கோஹா. நியூசிலாந்தின் நூலகம் ஒன்றுக்காக உருவாகி 2000 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. உரிமக் கட்டணம் கிடையாது. சர்வரைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறாரா என்று முதலில் உறுதி செய்யுங்கள்.

நூலகர், கடலூர்: கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழு வருகிறது. கருத்துக்கணிப்புப் படிவ மாதிரி கிடைக்குமா?

வேறொருவரின் படிவத்தால் உங்கள் மாணவரின் குறை வெளிவராது. நூலகச் சேவையின் தரத்தை அளக்கும் லிப்குவால் முறையிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு சேவைக்கும் குறைந்தது எவ்வளவு வேண்டும், எவ்வளவு விரும்புகிறார்கள், இப்போது எவ்வளவு கிடைக்கிறது என்று மூன்று மதிப்பெண் வாங்குங்கள். குறைந்தபட்சத்துக்கும் கீழே நிற்கும் சேவையில்தான் அடுத்த ஆண்டுத் திட்டம் தொடங்க வேண்டும்.

முதல்வர், தஞ்சாவூர்: அடுக்குகளை மாணவருக்குத் திறந்துவிட்டால் நூல்கள் காணாமல் போகின்றன. பூட்டிவைப்பதுதானே பாதுகாப்பு?

இல்லை ஐயா. சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் முதலாவதே ‘நூல்கள் பயன்பாட்டுக்கே’ என்பதுதான். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017, விதி 215, ஓர் ஆண்டில் இரவல் கொடுத்த, பார்வையிட்ட நூல்களில் ஆயிரத்துக்கு ஐந்து வரை இழப்பை நியாயமானது என்று ஏற்கிறது. நேர்மையின்மையோ கவனக்குறைவோ காரணமாக இருக்கக் கூடாது. 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட நூலும் அரிய நூலும் தொலைந்தால் விசாரணை உண்டு.

ஓய்வு பெற்ற நூலகர், மதுரை: அந்த விதி எங்கள் நிர்வாகத்தைக் கட்டுப்படுத்தாது. காணாமல் போன நூல்களின் விலையை என் ஓய்வூதியப் பலனில் பிடித்தார்கள். பூட்டத்தான் செய்வோம்.

உங்களுக்கு நடந்தது அநீதி. விதி தனியார் நிர்வாகத்தைக் கட்டுப்படுத்தாது என்பதும் உண்மை. அதனால்தான் இழப்பு வரம்பை நூலகக் குழுவின் தீர்மானமாக எழுதி, முதல்வர் கையொப்பத்துடன் வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறேன். பூட்டிய அலமாரியில் நூல் பத்திரமாக இருக்கும்; ஆனால் அப்படி ஒன்று இருப்பதே மாணவருக்குத் தெரியாது.

நூலகர், திருநெல்வேலி: திறந்துவிட்டால் அடுக்கு கலைகிறதே?

எடுத்த நூலைத் திரும்ப வைக்க வேண்டாம், மேசையிலேயே விட்டுவிடுங்கள் என்று அறிவிப்பு வையுங்கள். மாலையில் அவற்றை எண்ணி, துறைவாரியாகக் குறித்த பிறகு அடுக்குங்கள். இரவல் பதிவில் வராத பயன்பாடு அப்போதுதான் கணக்கில் வரும். மதுரை நண்பரே, நிர்வாகத்திடம் காட்ட இதைவிடச் சான்று வேண்டுமா?

நூலகர், ஈரோடு: நாக் படிவ மாதிரி அனுப்ப முடியுமா?

கடலூர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். வருகைப் பதிவேட்டை மட்டும் காட்டாதீர்கள்.

ஆய்வு மாணவர், கோவை: என் ஆய்வேட்டுக்கு எந்தப் புள்ளியியல் சோதனை பொருந்தும்?

உங்கள் வழிகாட்டியிடம் கேளுங்கள். அது என் துறை அல்ல.

நூலகர், வேலூர்: இணையத்தில் ஆய்விதழ்களும் மின்னூல்களும் தரும் என்-லிஸ்ட் திட்டத்தின் கடவுச்சொல் கொடுத்தும் யாரும் பயன்படுத்துவதில்லை.

கடவுச்சொல்லோடு நிறுத்திவிட்டீர்கள். பதினைந்து பேராக அழைத்து, ஆசிரியர் கொடுத்த ஒப்படைப்புத் தலைப்பிலேயே ஆளுக்கொரு கட்டுரையை இறக்கச் செய்யுங்கள்.

மாணவி, திருவண்ணாமலை: மூன்று மாதமாக ஒரு நூலைக் கேட்கிறேன். ‘இல்லை’ என்ற பதிலோடு முடிந்துவிடுகிறது.

நூலின் பெயரையும் தேதியையும் எழுதிக் கொடுத்து, துறைத் தலைவருக்கும் ஒரு படி கொடுங்கள் அம்மா. உங்கள் நூலகர் இதைப் படித்தால், அந்த நூலை இன்றைக்கே கொள்முதல் பட்டியலில் சேர்க்கட்டும்.