'யார் தொடங்கியது' என்பதை விடுங்கள்

பனிப்போர்க் கட்டுரையில் 'முதலில் தொடங்கியது யார்' என்ற இடத்தில் சிக்கிக்கொண்டதாக எழுதியிருக்கிறீர்கள். மானிடவியலாளர் கிரெகரி பேட்சனின் பிளவுப்பெருக்கக் (schismogenesis) கருத்து உங்களுக்கு உதவும். நியூ கினியின் செபிக் ஆற்றங்கரையில் இயட்முல் மக்களிடம் அவர் கண்டது இது: ஒருவர் வீறாப்பு பேசினால் எதிராளி இன்னும் பெரிதாகப் பேசுவார், அது முதல் ஆளை மேலும் ஏற்றிவிடும். 1949 சோவியத் அணுகுண்டு, 1952 அமெரிக்க ஹைட்ரஜன் குண்டு, 1953 சோவியத் பதில் என்று இதே வரிசைதான். அப்புறம் 1962 கியூபா ஏவுகணை நெருக்கடிக்குக் கூடுதல் இடம் கொடுங்கள். சோவியத் தலைவர் குருசேவ் அங்கிருந்த தன் ஏவுகணைகளை வெளிப்படையாக அகற்றினார்; துருக்கியில் இருந்த அமெரிக்க ஏவுகணைகளை எடுக்க அதிபர் கென்னடி ரகசியமாகவே ஒப்புக்கொண்டார். விட்டுக்கொடுப்பதை ஏன் மறைக்க வேண்டியிருந்தது? என் பார்வையில் உங்கள் கட்டுரையின் மையமே அதுதான்.