பதில்: விலையைக் குறைத்தும் செலவு இறங்காதது ஏன்?

திட்ட அறிக்கையைத் திருத்தி எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்; அதில் பயனில்லை. எதைச் செய்யப்போவதில்லை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். குறைந்த விலையே உத்தி என்று அறிவித்து எட்டு மாதமாகியும் செலவு இறங்கவில்லை என்கிறீர்கள். வாடிக்கையாளர் கேட்கும் மாற்றங்களையெல்லாம் முன்போலவே செய்து தருவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

அமெரிக்காவின் கான்டினென்டல் விமான நிறுவனம், மலிவுக் கட்டணத்தில் விமானம் ஓட்டிய சௌத்வெஸ்ட் நிறுவனத்தைப் பார்த்து 1993இல் 'கான்டினென்டல் லைட்' என்ற மலிவுக் கட்டணச் சேவையைத் தொடங்கியபோது இப்படித்தான் இடறியது. உணவையும் முதல் வகுப்பையும் நீக்கிய அந்நிறுவனம், இருக்கை ஒதுக்கீட்டையும், பெட்டிகளை அடுத்த விமானத்துக்கு மாற்றித் தருவதையும், பலவகை விமானங்களையும் விட மனமில்லாமல் வைத்துக்கொண்டது. பெட்டிகளுக்காக விமானம் காத்து நின்றால், தரையிறங்கிச் சிறிது நேரத்திலேயே மீண்டும் புறப்பட்ட அன்றைய சௌத்வெஸ்டின் சிக்கனம் எங்கிருந்து வரும்? 1995இல் அந்தச் சேவை கைவிடப்பட்டது.

சோதித்துப் பார்க்க ஒரு வழி: கடைசி இருபது ஆர்டர்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் வழக்கத்துக்கு மாறாகச் செய்த வேலை எது, அதற்கு ஒப்புதல் தந்தவர் யார், எத்தனை மணி நேரம் கூடுதலாயிற்று என்று குறியுங்கள். விற்பனைப் பிரிவின் ஊக்கத்தொகை மொத்த விற்பனையை மட்டும் வைத்துக் கணக்கிடப்படுகிறதா என்பதையும் பாருங்கள். அப்படியானால் விதிவிலக்குகள் பெருகுவதில் வியப்பில்லை.

மூலப்பொருள் விலையேற்றமோ, பாதித் திறனில் ஓடும் எந்திரங்களோ காரணமாக இருந்தால் இந்தச் சோதனையில் எதுவும் தென்படாது. கூடுதல் விலை கொடுத்தே மாற்றம் கேட்கும் வாடிக்கையாளர்களை, அவர்களால் லாபமா நட்டமா என்று கணக்கிட்டுப் பார்க்கும் முன் கைவிட்டுவிடாதீர்கள்.